ஆபீஸ் மெயில் ஏன் தீரவே மாட்டேன் என்கிறது?

பெங்களூர் ஐடி ஆபீஸ்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "எனக்கு நாலாயிரம் மெயில் படிக்காம கிடக்கு" என்பார் ஒருவர். "நான் தினமும் இன்பாக்ஸை ஜீரோ பண்ணிட்டுத்தான் கிளம்புவேன்" என்பார் இன்னொருவர். முதலாமவர் சோம்பேறி, இரண்டாமவர் கெட்டிக்காரர் என்று கேட்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டுமே தப்பாக இருக்கலாம். நாலாயிரம் மெயில் கிடப்பவர் ஒரு வேலையையும் தவறவிடாதவராக இருக்கலாம். ஜீரோ ஆக்குபவர் பகல் முழுக்கப் பதில் போட்டுவிட்டு, தன் சொந்த வேலையை இரவு எட்டு மணிக்குத் தொடங்குபவராக இருக்கலாம்.

மெயில் சுமை என்றதும் நாம் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பிடிபடாமல் ஆப் மாற்றுவதும் கலர் கலராக லேபிள் ஒட்டுவதும் ஒரு வாரம்கூடத் தாங்காது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரியும்படி அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

## ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை

மெயில் பிறந்தது சேதி சொல்வதற்காக. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலில் மெயில் அனுப்பினார். இன்றும் நாம் முகவரியில் போடும் 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அப்போது அதற்கு ஒரே வேலைதான்: இங்கிருந்து அங்கே சேதி போக வேண்டும்.

1996-ல் ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆபீஸ் ஊழியர்கள் நிஜத்தில் மெயிலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தார்கள். சேதி அனுப்புவது ஒரு பகுதியாக மட்டும் சுருங்கியிருந்தது. செய்ய வேண்டிய வேலை மறந்துபோகாமல் இருக்க அந்த மெயிலை இன்பாக்ஸிலேயே விட்டு வைத்தார்கள். பின்னால் தேவைப்படலாம் என்று நினைத்த தகவலையும் அங்கேயே சேர்த்து வைத்தார்கள். வருவதை வாங்குவது, வேலையை நினைவூட்டுவது, பழையதைச் சேமிப்பது என்று மூன்று வேலையும் ஒரே பெட்டியின் தலையில். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிவிட்டது, நாம் இன்னும் அப்படித்தான் நடத்துகிறோம்.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் இன்பாக்ஸின் முதல் நாலு வரியைப் பாருங்கள். கேப் ரூட் மாறியிருக்கிறது என்று அட்மின் அறிவிப்பு. நேற்றிரவு பேக்கப் ஒழுங்காக முடிந்தது என்று சர்வர் தானே அனுப்பியது. கிளையண்ட் கேட்ட ஒரு கேள்வி, இதற்குப் பதில் சொல்ல மூன்று பேரை விசாரிக்க வேண்டும். வருமான வரிக்கான ஃபாரம் 16, இதைப் பத்திரமாக வைக்க வேண்டும். நாலும் ஒரே எழுத்து, ஒரே அளவு. மேலே இருப்பது கடைசியாக வந்தது, அவ்வளவுதான். அதற்கும் முக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால், இன்பாக்ஸைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு இன்றைக்கு எது முதல் வேலை என்பதைக் கடைசியாக 'சென்ட்' அழுத்தியவர் முடிவு செய்கிறார். இதுதான் என்னை உறுத்தும் விஷயம். ஒருவருடைய நாள், அவர் கையில் இல்லாமல் போகிறது.

இதுவரை பார்த்தது: மெயில் அதிகமாக வருவது ஒரு தொந்தரவு. மூன்று விதமான வேலை ஒரே வரிசையில் கலந்து கிடப்பது அதைவிடப் பெரிய தொந்தரவு.

## பில் போடுகிறவர் தோசை வார்த்தால்

பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தர்ஷினியை விளக்க வேண்டியதில்லை. நின்றுகொண்டே இட்லி வடை சாப்பிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பும் ஹோட்டல். காலை எட்டரை மணிக்குப் போனால் கூட்டம் நெரியும், ஆனாலும் பில் கவுன்ட்டரில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே இருப்பவர் ஒரு கேள்விதான் கேட்பார். மசால் தோசையா, ரெண்டா, இந்தாங்க பில், அடுத்தவர். தோசை வார்ப்பது உள்ளே இருக்கும் மாஸ்டர் வேலை.

அந்த பில் போடுகிறவரே ஒவ்வொருவருக்கும் பில் போட்ட கையோடு உள்ளே ஓடி, தோசை வார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? ஒரு காபி மட்டும் கேட்டு வந்தவரும் இருபது நிமிடம் நிற்பார். வரிசை தெருவுக்கு வந்துவிடும். அவர் சும்மா இருந்தார் என்று யாரும் குறை சொல்ல முடியாது, வியர்க்க வியர்க்க ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

நாம் இன்பாக்ஸில் செய்வது அதேதான். முதல் மெயிலைத் திறக்கிறோம். ஒரு கணக்கு கேட்டிருக்கிறார்கள். உடனே எக்ஸெல் ஷீட்டைத் திறக்கிறோம், பழைய ஃபைலைத் தேடுகிறோம், நாற்பது நிமிடம் போகிறது. திரும்பி வந்தால் மேலே பதினைந்து புது மெயில். அதில் ஒன்று 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தைப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பதில் இல்லாமல் இன்னொரு டீமே வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆகவே மெயிலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வந்ததை ஒரு பார்வை பார்த்து, இது என்ன, இதை என்ன செய்வது என்று முடிவு மட்டும் எடுப்பது முதல் பாதி. இதை ட்ரையாஜ் என்பார்கள். முடிவெடுத்த வேலையைச் செய்வது இரண்டாவது பாதி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

## குவியலுக்குப் பின்னால் ஒரு கணக்கு

இது வெறும் பழமொழி ஞானம் இல்லை, கணக்கு இருக்கிறது. வரிசைகளைப் பற்றிய ஒரு விதியை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்தார். லிட்டில் விதி என்று பெயர். எளிமையாகச் சொன்னால், சராசரியாகத் தேங்கிக் கிடக்கும் எண்ணிக்கை என்பது ஒரு நாளில் வருவதன் எண்ணிக்கையைச் சராசரியாக ஒன்று எத்தனை நாள் கிடக்கிறதோ அதால் பெருக்கினால் வருவது.

ஒரு நாளைக்கு உங்களிடம் வேலை கேட்டு 40 மெயில் வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 5 நாள் கிடக்கிறது என்றால், எப்போது பார்த்தாலும் சுமார் 200 தேங்கியிருக்கும். அதே 40 வந்தாலும், ஒவ்வொன்றும் ஒரே நாளில் பெட்டியை விட்டு வெளியேறினால் தேக்கம் 40. வரவையும் பாதியாக்கினால் 20.

மாற்றக்கூடியவை இரண்டே இரண்டு: எவ்வளவு வருகிறது, எவ்வளவு நேரம் கிடக்கிறது. 'இன்னும் வேகமாகப் பதில் போடு' என்பது இந்தக் கணக்கில் நினைத்த அளவுக்கு உதவாது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பதிலும் இன்னொரு பதிலைக் கூப்பிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பதில் போடுகிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால், எல்லாக் கேள்வியும் முதலில் அவரிடம்தான் வரும். வேகம் கூடியது, வரவும் கூடியது.

## கிடக்கும் நேரத்தைக் குறைப்பது

ஒரு மெயிலைத் திறந்தால் நாலில் ஒரு முடிவோடுதான் மூட வேண்டும். தேவையில்லையா, அழித்துவிடுங்கள். தகவலுக்கு மட்டுமா, ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் என்றால் அழிக்காமல் இன்பாக்ஸை விட்டு மட்டும் விலக்குவது, தேடினால் கிடைக்கும். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியுமா, அங்கேயே சொல்லி முடியுங்கள். அதற்குமேல் ஆகுமா, அதை வேலைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு மெயிலை ஆர்க்கைவ் செய்யுங்கள்.

நாலாவதுதான் பலருக்கும் கை வராது. 'இன்பாக்ஸில் கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் மறக்காது' என்ற நம்பிக்கை. அது எப்படிக் கைவிடுகிறது பாருங்கள். சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கில் கேப் நிற்கிறது. போனை எடுத்து மெயில் பார்க்கிறீர்கள். கிளையண்ட் ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார். சரி, ஆபீஸ் போய்ப் பார்த்துக்கலாம் என்று அடுத்ததற்குப் போகிறீர்கள். திறந்த அந்த நொடியிலேயே, படிக்காத மெயில் என்று காட்டும் தடித்த எழுத்து சாதா எழுத்தாகிவிட்டது. ஆபீஸ் வந்து லேப்டாப்பைத் திறந்தால், அது படித்து முடித்த ஐம்பது மெயிலோடு கலந்து நிற்கிறது. மெயில் சர்வருக்கு அந்தச் சேதியைப் பற்றி அடிப்படையாகத் தெரிந்தது கொஞ்சம்தான்: திறந்தாரா, பதில் போட்டாரா, குறி வைத்தாரா. 'பார்த்துவிட்டேன், வியாழக்கிழமை செய்வேன்' என்று குறித்துக்கொள்ள அந்த அடிப்படைக் குறிகளில் இடமில்லை. அதை நீங்கள்தான் வேறு இடத்தில் எழுத வேண்டும். நோட்டாக இருக்கலாம், காலண்டராக இருக்கலாம். போனில் பார்ப்பவர்களுக்கு ஸ்னூஸ் இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் வரை ஒரு மெயிலை மறைத்து வைத்து, அந்த நேரத்தில் மறுபடி மேலே கொண்டுவரும் வசதி அது.

எழுதி வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முடிக்காத வேலை மனசுக்குள் அரித்துக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேலையை முடிக்காவிட்டாலும் அதை எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அந்த அரிப்பு அடங்குவதைக் கண்டார்கள்.

இன்பாக்ஸ் ஜீரோ என்ற பேச்சும் இங்கேதான் சேர்கிறது. அதைப் பரப்பியவர் மெர்லின் மான் என்ற அமெரிக்கர். 2007-ல் கூகுளில் அவர் பேசிய உரை அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த ஜீரோ மெயில் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை என்று அவரே விளக்கியிருக்கிறார். நம் மனசில் எவ்வளவு பங்கு இன்பாக்ஸுக்குள் மாட்டிக்கிடக்கிறது என்பதைத்தான் அவர் சொன்னார். நாலாயிரம் மெயில் கிடப்பவருக்கும், செய்ய வேண்டியதெல்லாம் தனிப் பட்டியலில் இருந்தால், மனசு அங்கே மாட்டிக்கிடக்காது.

சரி, ட்ரையாஜை எப்போது செய்வது? எப்போதும் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குஷ்லெவ், டன் இருவரும் 124 பேரை ஒரு வாரம் தினமும் மூன்றே முறை மெயில் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் இஷ்டம்போலப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது.

இங்கே அமெரிக்க கிளையண்டோடு வேலை செய்பவர்கள் அந்த மூன்றை யோசித்து வைக்க வேண்டும். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. இரவில் வந்தது எல்லாம் காலையில் மொத்தமாகக் காத்திருக்கும், அதனால் முதல் முறைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். மதியம் ஒரு முறை. கடைசி முறையை அவர்கள் சீட்டுக்கு வருவதற்கு முன்னால் வைத்தால், அவர்கள் வந்து உட்கார்ந்ததும் உங்கள் பதில் அங்கே இருக்கும்.

இதுவரை பார்த்தது: முடிவு தனி, வேலை தனி. முடிவை நாளுக்குச் சில தடவை மொத்தமாக எடுப்பது, வேலையை வேறு பட்டியலில் இருந்து செய்வது.

## ஃபோல்டர் மேல் அதிக நம்பிக்கை வேண்டாம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னே சொன்ன விட்டேக்கரே 2011-ல் வேறு சிலரோடு சேர்ந்து 345 பேரின் மெயில் பழக்கத்தை ஆராய்ந்தார். பார்த்துப் பார்த்து ஃபோல்டர் போட்டு அடுக்கியவர்கள், தேடுபொறியை நம்பியவர்களைவிடச் சீக்கிரமாகவோ நிச்சயமாகவோ பழைய மெயிலைக் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் தைரியமாக அந்த அடுக்கும் வேலையை நிறுத்தலாம். தணிக்கைக்கோ சட்டத்துக்கோ தேவையானதற்கு மட்டும் தனி ஃபோல்டர் போதும்.

ஃபில்டருக்கு மட்டும் ஒரு மாலையைச் செலவழியுங்கள். ஃபில்டர் என்பது, இன்ன மாதிரி மெயில் வந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் விதி. அவுட்லுக்கில் இதற்கு ரூல் என்று பெயர். சர்வர் தானாக அனுப்புபவை ஓரிடத்துக்கு, நீங்கள் சிசியில் மட்டும் இருப்பவை இன்னோரிடத்துக்கு. சிசி என்றால் தகவலுக்காகப் போகும் நகல். இந்த இரண்டு விதி மட்டுமே பலருடைய இன்பாக்ஸைக் கண்ணுக்குத் தெரியும்படி இளைக்க வைக்கும்.

சம்பந்தமில்லாத நீண்ட த்ரெட், அதாவது பதில்மேல் பதிலாகத் தொடரும் ஒரே உரையாடல், தொல்லை செய்தால் ஜிமெயிலில் மியூட், அவுட்லுக்கில் இக்னோர். ஒன்றைக் கவனியுங்கள். மியூட் செய்தது ஆர்க்கைவில் இருக்கும். இக்னோர் செய்ததோ அழித்தவற்றின் ஃபோல்டருக்குப் போய்விடும். கிளையண்ட் த்ரெட்டில் இக்னோர் வேண்டாம்.

## வரவைக் குறைப்பது நம்மிடமிருந்து தொடங்குகிறது

இனி கணக்கின் இன்னொரு பக்கம். ஆபீஸ் மெயிலில் பெரும்பகுதியை நாமே ஒருவருக்கொருவர் உற்பத்தி செய்கிறோம். ஒரு மெயில் எப்படிப் பல மெயிலாகப் பெருகுகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நாம் எழுதுவது ஆங்கிலத்தில்தான், விஷயத்தை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

தலைப்பு: ரிப்போர்ட். உள்ளே: 'டியர் டீம், ட்ரெயிலிங் மெயிலைப் பார்க்கவும். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்.' அதாவது, கீழே தொடரும் பழைய மெயில்களைப் பார்த்து, தேவையானதைச் செய்யவும். பெறுநர் இடத்தில் ஆறு பேர். கீழே பதினாலு பதில்கள் தொங்குகின்றன.

ஆறு பேரில் நாலு பேர், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் எல்லோருக்குமாக 'எந்த ரிப்போர்ட்?' என்று கேட்பார். இன்னொருவர் 'இது என் பொறுப்பா?' என்பார். இரண்டு நாள் கழித்து 'ஜென்டில் ரிமைண்டர்' வரும், இந்த முறை மேனேஜரும் சிசியில். நடுவில் அனுப்பியவரே சீட்டுக்கு வந்து, "அக்கா, ஒரு மெயில் போட்டிருந்தேன், பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். செய்ய வேண்டியது என்ன, யார், எப்போதுக்குள் என்ற மூன்றும் முதல் மெயிலில் இல்லாததால் வந்த வினை.

அதையே இப்படி எழுதலாம். தலைப்பு: 'புதன் மாலை 4-க்குள் சரிபார்ப்பு வேண்டும்: ஜூன் விற்பனை ரிப்போர்ட்.' உள்ளே: 'பிரியா, இணைத்துள்ள ஷீட்டின் மூன்றாம் பக்க மொத்தத்தைச் சரிபார்க்கவும். சரியாக இருந்தால் ஓகே என்று ஒரு வார்த்தை போதும். செந்தில், உங்களுக்குத் தகவலுக்கு மட்டும், பதில் தேவையில்லை.' எழுத மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். வர வேண்டிய பதில் ஒன்றே ஒன்று.

'ரிப்ளை ஆல்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் ஒரு சோதனை மெயில் தவறுதலாக சுமார் 8.4 லட்சம் ஊழியர்களுக்குப் போய்விட்டது. 'என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்' என்று பலர் ரிப்ளை ஆல் போட்டார்கள், அந்த ஒவ்வொரு பதிலும் மறுபடி எல்லோருக்கும் போனது. மெயில் அமைப்பே திணறிவிட்டது. நம் ஆபீஸ்களில் பிறந்தநாள் வாழ்த்தும் பதவி உயர்வு வாழ்த்தும் சின்ன அளவில் இதையே செய்கின்றன. பெரிய கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புபவர் எல்லா முகவரியையும் பிசிசியில் போட்டால் போதும். பிசிசி என்பது பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத நகல். ரிப்ளை ஆல் அழுத்தினாலும் மற்றவர்களுக்குப் போகாது.

மேனேஜரை எதற்கெடுத்தாலும் சிசியில் போடும் பழக்கத்துக்குக் காரணம் பயம். நாளைக்கு ஏதாவது ஆனால் 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று அவர் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். இதை ஃபில்டர் தீர்க்காது. எதற்கெல்லாம் எனக்கு நகல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிசியில் இல்லாத ஒரு விஷயம் தவறாகப் போகும்போது, சொன்ன சொல்படி நடந்துகொள்ளவும் வேண்டும். ஜூனியர்களிடம் 'மெயிலைக் குறையுங்கள்' என்று ட்ரெய்னிங் வைப்பதைவிட இதுதான் பலன் தரும் என்பது என் அழுத்தமான கருத்து.

## அவசரத்துக்கு மெயில் வேண்டாம்

மூன்று முறைதான் பார்ப்பேன் என்றால் அவசர வேலை என்னாவது என்ற கேள்வி நியாயமானது. பதில் மெயிலின் அமைப்பிலேயே இருக்கிறது. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர், 1982-ல் வகுக்கப்பட்டது. பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் சேதியைக் கையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும். கைவிடுவதற்கு முன் குறைந்தது நாலைந்து நாள் முயல வேண்டும் என்பது இப்போதைய விதிமுறையின் பரிந்துரை. காத்திருப்பதற்கென்றே அமைக்கப்பட்ட வழி அது. புரொடக்‌ஷன் சர்வர், அதாவது வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வர், விழுந்துவிட்டால் போன்தான் செய்ய வேண்டும். இதை டீமில் உட்கார்ந்து ஒருமுறை பேசி முடிவு செய்துவிட்டால், மெயில் நோட்டிஃபிகேஷனை போனில் நிம்மதியாக அணைத்துவிடலாம்.

## பொங்கல் லீவு முடிந்து வரும் நாள்

கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை, ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்கும். நாம் ஊருக்குப் போய் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடித்து வருவதற்குள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அதைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்காதீர்கள். உரையாடல் வாரியாகத் தொகுத்துக்கொண்டால், ஒவ்வொரு த்ரெட்டிலும் கடைசி மெயிலைப் பார்த்தாலே போதும், முன்னால் இருந்த பாதிக் கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். அப்புறம் அனுப்பியவர் வாரியாக அடுக்கி, கிளையண்ட், உங்கள் மேனேஜர், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்று இந்த மூன்று தரப்பின் மெயிலை முடியுங்கள். உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இவர்கள்தான். மிச்சத்தை ஒரே ஃபோல்டரில் போட்டு ஆர்க்கைவ் செய்துவிடலாம். உயிருள்ள விஷயமாக இருந்தால் ஜென்டில் ரிமைண்டர் தானாக வரும்.

லீவுக்குக் கிளம்பும்போது போடும் தானியங்கிப் பதிலில் எத்தனாம் தேதி வருவீர்கள், அதுவரை யாரைக் கேட்கலாம் என்ற இரண்டும் இருக்கட்டும். மடிவாளாவில் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, திரும்பி வரும் நாளின் காலண்டரில் காலை பதினொரு மணி வரை யாரும் மீட்டிங் வைக்க முடியாதபடி அடைத்துவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் ட்ரையாஜுக்கு.